புகையை விடும் முன்பே தொடங்கும் குளிசை

புகைத்தலைக் கைவிடுவதற்கென்றே வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் குளிசைகள் இருக்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதந்தோறும் கிளினிக் கொப்பியுடன் வரிசையில் காத்திருப்பவர்களில் பலர்கூட, சிகரட்டை விடுவது மருந்துக்குச் சம்பந்தமில்லாத, முழுக்க முழுக்க மன உறுதியைச் சார்ந்த காரியம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். விட முடியாமல் போனால் அதைத் தங்கள் குறையாகக் கருதி, வைத்தியரிடம் அதைப் பற்றிப் பேசுவதற்கும் கூச்சப்படுகிறார்கள். நிக்கோட்டின் மீதான அடிமைத்தனம் மூளையில் மாற்றங்களை உண்டாக்கும் ஒரு நோய்நிலை என்பதையும், அதற்கு நன்கு ஆராயப்பட்ட மருந்துகள் உண்டு என்பதையும், அவற்றை எவ்வாறு எடுக்க வேண்டும் என்பதையும் முதன்முறையாக அறிபவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இந்தக் குளிசைகளைப் பற்றி எல்லாவற்றுக்கும் முதலில் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. புகைத்துக்கொண்டிருக்கும்போதே குளிசையைத் தொடங்க வேண்டும். புகையை விட்டு, இனிமேல் தேவையில்லை என்று தோன்றிய பின்னரும் குளிசையைத் தொடர வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு மருந்தெடுத்து, காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடும் நமது வழக்கத்துக்கு இவ்விரண்டுமே நேர் எதிரானவை. மருந்தெடுத்தும் பயனில்லை என்று சொல்பவர்கள் பல வேளைகளில் இவ்விரண்டில் ஒன்றில்தான் தவறியிருப்பார்கள். ஆகவே எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்பதற்கு முன்னர், ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

நிக்கோட்டின் செய்வது என்ன?

சிகரட்டையோ பீடியையோ இழுக்கும்போது புகையிலுள்ள நிக்கோட்டின் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை அடைந்துவிடுகிறது. மூளையின் நரம்புக் கலங்களில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ளன. அசற்றைல்கோலின் என்ற, உடலே உண்டாக்கும் இரசாயனத்துக்காக அமைந்த அந்த ஏற்பிகளில் நிக்கோட்டின் வந்து அமர்ந்ததும், டோபமின் என்ற மற்றொரு இரசாயனம் சுரந்து, ஓர் இதமான உணர்வைத் தருகிறது. ஆனால் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணித்தியாலங்களில் பாதியாகக் குறைந்துவிடும். நாள்தோறும் புகைப்பவரின் மூளையில் இந்த ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவரின் மூளையில் உள்ளதைவிட அதிகரித்துவிடுவதால், நிக்கோட்டின் குறையக் குறைய அவை வெறுமையாகி, எரிச்சல், பதற்றம், கவனக் குறைவு, நித்திரையின்மை, அதிக பசி, மலச்சிக்கல் முதலியவற்றை உண்டாக்குகின்றன. ஒரு சிகரட் பற்றவைத்ததும் இவை தணிகின்றன. “புகைத்தால்தான் மனம் ஆறுகிறது” என்று சொல்பவருக்குக் கிடைக்கும் ஆறுதலில் பெரும்பகுதி, முந்தைய சிகரட் விட்டுச்சென்ற தவிப்பு நீங்குவதால் உண்டாகும் ஆறுதலே ஆகும்.

புகையை முற்றாக நிறுத்தினால் இந்தத் தவிப்பு முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலானோருக்கு 2 முதல் 4 வாரங்களுக்குள் படிப்படியாகத் தணியும். இந்த இடத்தில் நமது ஊர்களில் யாவரும் கண்டிருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். உகந்தைமலை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும், கண்ணகி அம்மன் சடங்குக்கோ பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கோ விரதமிருப்பவர்களும், றமழான் மாதத்துப் பகல்களில் நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரர்களும் புகையைத் தொடாமல் இருந்து காட்டுகிறார்கள். இவர்களை மன உறுதியற்றவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது. ஆயினும் விரதம் முடிந்து தேத்தண்ணீர்க் கடைக்கும், இரவில் வட்டைக் காவலுக்கும், வாவியில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் தோணிக்கும் திரும்பியதும் பலர் மீண்டும் பற்றவைக்கிறார்கள். உடலின் தவிப்பு சில வாரங்களில் அடங்கினாலும், அந்தந்த இடமும் நேரமும் நண்பர்களும் கிளப்பும் ஆசை அதைவிட நீண்ட காலம் உயிரோடிருக்கும் என்பதே இதற்குக் காரணம். மருந்து நீண்ட நாட்கள் தேவைப்படுவதன் காரணமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

வரெனிக்லின்

இன்று பாவனையிலுள்ள மருந்துகளுள் தனியொரு மருந்தாக அதிக பலன் தருபவற்றில் வரெனிக்லின் முதன்மையானது. இதன் வேர் ஒரு மரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் வளரும் லபர்னம் என்ற மரத்தின் விதையிலுள்ள சைட்டிசின் என்ற பொருள், நிக்கோட்டின் அமரும் அதே ஏற்பிகளில் அமரக்கூடியது. பல்கேரியாவில் 1964 முதல் அது புகைத்தலைக் கைவிடுவதற்கான குளிசையாக விற்கப்பட்டு வந்தது. அந்த மூலக்கூற்றின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட வரெனிக்லினுக்கு அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. லபர்னம் நமது கொன்றையைப் போல மஞ்சட் பூங்கொத்துகள் தொங்கும் மரமாக இருந்தாலும், இரண்டும் வேறு மரங்கள். லபர்னத்தின் விதை நஞ்சுமாகும். இதைக் கேள்விப்பட்டு எவரும் வீட்டில் எந்த இலையையும் விதையையும் அவித்துக் குடித்துப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

வரெனிக்லின் ஏற்பிகளில் அமர்ந்து, நிக்கோட்டின் செய்யும் வேலையின் ஒரு பகுதியை மட்டும் செய்கிறது. சனம் நிறைந்த பஸ்ஸில் யன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு ஆசனத்தைப் பிடித்து வைப்பதைப் போல, அது முன்கூட்டியே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் இரண்டு பயன்கள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஓரளவு டோபமின் சுரந்துகொண்டிருப்பதால், புகைக்காதபோது வரும் தவிப்பு குறைகிறது. ஆசைக்கு இணங்கி ஒருவர் புகைத்தாலும், உள்ளே வரும் நிக்கோட்டினுக்கு அமர இடம் கிடைக்காததால் வழக்கமான இதம் வருவதில்லை. குளிசை தொடங்கிய சில நாட்களில் “சிகரட்டில் ருசி இல்லை” என்று சிலர் சொல்வது இதனால்தான்.

விடும் நாளுக்கு முன்பே குளிசையைத் தொடங்குவது ஏன் என்பதற்கான விடையும் இதுவே. மருந்து இரத்தத்தில் போதிய அளவுக்குச் சேர்ந்து, ஏற்பிகளைப் பிடித்துக்கொள்வதற்குச் சில நாட்கள் தேவை. ஆகையால் புகையை முற்றாக விடும் நாளொன்றை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு 1 முதல் 2 வாரங்களுக்கு முன்னர் குளிசையை ஆரம்பிக்க வேண்டும். வழக்கமான முறையில் முதல் 3 நாட்களுக்கு 0.5 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு ஒரு வேளையும், 4ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை அதே குளிசை இரண்டு வேளையும், 8ஆம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் குளிசை இரண்டு வேளையும் கொடுக்கப்படுகின்றன. இந்த முதல் வாரத்தில் புகைப்பது சிகிச்சைக்கு எதிரானதல்ல. ஆசை குறைவதைக் கவனித்துக்கொண்டு, குறித்த நாளில் நிறுத்திவிட வேண்டும். நாள் குறிக்கும்போது, பெரும்போக வெட்டு நடக்கும் ஓய்வில்லாத நாட்களையும், கலியாணம், கோயில் திருவிழா போன்றவை அடுத்தடுத்து வரும் வாரத்தையும் தவிர்ப்பது புத்தி. விரதத்தின் முதல் நாளையோ நோன்பின் முதல் நாளையோ விடும் நாளாக வைத்துக்கொள்வது எனக்குச் சிறந்த யோசனையாகத் தோன்றுகிறது. ஊரும் வீடும் கூடவே நிற்கும் நாட்கள் அவை. ஆனால் குளிசை அதற்கு முந்தைய வாரத்திலேயே ஆரம்பமாகியிருக்க வேண்டும்.

குளிசைக் காலம் 12 வாரங்கள். மூளைப் படங்களைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், புகைப்பவர்களில் அதிகரித்திருந்த ஏற்பிகளின் எண்ணிக்கை, புகையை நிறுத்திய 6 முதல் 12 வாரங்களில் புகைக்காதவர்களின் நிலைக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் ஆசையே இல்லை என்று ஒருவர் உணர்ந்தால், அது பெரும்பாலும் குளிசை ஆசனத்தைப் பிடித்து வைத்திருப்பதால் வந்த நிம்மதி. அந்த நேரத்தில் நிறுத்துவது, கட்டி முடியாத அணைக்கட்டிலிருந்து வேலையாட்களை எழுப்பிவிடும் செயல் என்றெல்லாம் அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. மீண்டும் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடும் என்று நேராகவே சொல்லிவிடலாம். 12 வாரங்களின் முடிவில் புகைக்காமல் இருப்பவருக்கு, அந்த நிலையை உறுதிப்படுத்துவதற்காக வைத்தியர் இன்னொரு 12 வாரங்களுக்கும் அதைத் தொடரச் சொல்லலாம்.

ஒரே நாளில் நிறுத்துவது தன்னால் இயலாது என்று உறுதியாக நினைப்பவருக்கும் ஒரு வழி உண்டு. குளிசையை எடுத்துக்கொண்டே முதல் 4 வாரங்களில் புகைக்கும் எண்ணிக்கையைப் பாதியாகவும், அடுத்த 4 வாரங்களில் எஞ்சியதில் பாதியாகவும் குறைத்து, 12ஆம் வாரத்துக்குள் முற்றாக நிறுத்தி, மொத்தமாக 24 வாரங்கள் மருந்தெடுக்கும் முறை அது. இதுவும் வைத்தியரின் கண்காணிப்பில் செய்ய வேண்டியதே.

குமட்டலும் கனவுகளும்

வரெனிக்லினின் மிகப் பொதுவான பக்கவிளைவு குமட்டல். எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வரக்கூடும். பெரும்பாலும் மிதமானதாக இருந்து, நாளடைவில் குறையும். இதைத் தடுக்கும் வழி மிக எளிது: குளிசையை வெறும் வயிற்றில் எடுக்காமல், சாப்பாட்டுக்குப் பின்னர், ஒரு முழுக் கிளாஸ் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விடியற்காலையில் வெறும் பிளேன்ரீயுடன் வேலைக்குப் புறப்படும் மீனவரும் விவசாயியும் இந்த ஒரு விடயத்தில் கட்டாயம் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். குளிசையைப் பையில் கொண்டுபோய், காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் எடுக்கலாம். நோன்பு நோற்பவர்களுக்கு ஸஹர் சாப்பாட்டுக்குப் பின்னர் ஒன்றும், நோன்பு திறந்து சாப்பிட்ட பின்னர் ஒன்றும் என்ற நேர அமைப்பு இயல்பாகவே பொருந்துகிறது. எனினும் வைத்தியரிடம் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வதே முறை. இவ்வளவும் செய்தும் குமட்டல் தாங்க முடியாததாக இருந்தால், தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும். அளவைக் குறைத்துத் தொடர இடமுண்டு.

அடுத்தது கனவுகள். வழக்கத்துக்கு மாறான, மிகத் தெளிவான கனவுகள் வருவதும் நித்திரை கலைவதும் இம்மருந்தின் அறிந்த விளைவுகள். நம்மிடையே கனவுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் இருப்பதால், முன்கூட்டியே இதை அறியாதவர் பயந்துபோய்க் குளிசையை நிறுத்திவிடக்கூடும். இரவுக் குளிசையைப் படுக்கும் நேரத்தில் எடுக்காமல், இராச்சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து அப்போதே எடுத்துவிடுவது சிலருக்கு உதவும். தலைச்சுற்றலும் மயக்க உணர்வும் வரக்கூடும் என்பதால், குளிசை தமக்கு எப்படிச் சேர்கிறது என்று தெரியும் வரை மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஓட்டுவதில் கவனமாக இருக்க வேண்டும். மதுவைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இம்மருந்தை எடுக்கும்போது சாராயமோ கள்ளோ குடித்தவர்களில் சிலருக்கு வழக்கத்தைவிட வெறி கூடியதும், மூர்க்கமாக நடந்துகொண்டதும், நடந்தது நினைவில்லாமல் போனதும் பதிவாகியிருக்கின்றன. குளிசை ஒத்துவரும் விதம் தெரியும் வரையிலாவது குடியைக் குறைத்துக்கொள்ளும்படி 2015ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. தவிர்த்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. குடியும் புகையும் ஒன்றையொன்று கைப்பிடித்து அழைத்து வருபவை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இம்மருந்து மனநிலையைக் கெடுக்கும், தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்ற அச்சம் ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. 2009இல் அமெரிக்காவில் மருந்துப் பொதியின் தகவல் தாளில் மிகக் கடுமையான எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காக 16 நாடுகளில் 8,000க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடத்தப்பட்டது. ஈகிள்ஸ் என்று அழைக்கப்படும் அவ்வாய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள் அல்லது முன்னர் இருந்தவர்கள். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு, வரெனிக்லினோ, புகைத்தலை விடுவதற்கான மற்றொரு குளிசையான புப்ரோபியோனோ எடுத்தவர்களுக்குக் கடுமையான மனநிலைப் பாதிப்புகள், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் ஒட்டுத்தாள் அல்லது மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவுக்கு அதிகரிக்கவில்லை என்று காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் அந்தக் கடுமையான எச்சரிக்கை நீக்கப்பட்டது. யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கடந்துவந்து, இன்றும் மனநல கிளினிக்குகளில் மருந்தெடுக்கும் பலர் வாழும் நமது இரு மாவட்டங்களுக்கும் இந்த முடிவு முக்கியமானது. மனநோய்க்கு மருந்தெடுப்பவர் என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்குப் புகைத்தலை விடும் சிகிச்சை மறுக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்த வரலாற்றை வைத்தியரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். குளிசை தொடங்கிய பின் வழக்கத்துக்கு மாறான கோபம், ஆழ்ந்த சோகம், தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அல்லது வீட்டார் அப்படி எதையேனும் கவனித்தாலும், குளிசையை நிறுத்திவிட்டு உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அதே ஆய்விலிருந்து பலனின் அளவையும் அறியலாம். 9ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை ஒருமுறைகூடப் புகைக்காமல் இருந்தவர்கள், வரெனிக்லின் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர். புப்ரோபியோன் எடுத்தவர்களிலும் ஒட்டுத்தாள் பாவித்தவர்களிலும் 16 பேர். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 9 பேர். குளிசை எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் அந்த முயற்சியில் முழுமையாக வெல்லவில்லை என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை. ஆனாலும் மருந்தில்லாமல் விட்டவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமானோர் விட்டிருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் கொண்டுவரும் பழக்கமொன்றில், ஒரு குளிசை இவ்வளவு செய்வதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நாளொன்றுக்கு 10 சிகரட்டுகளுக்குக் குறையாமல் புகைத்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் தனிச் சிகரட்டாக வாங்கி நாளுக்கு இரண்டோ மூன்றோ புகைப்பவருக்குக் குளிசை அவசியமா, ஆலோசனை மட்டும் போதுமா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

மற்ற மருந்துகள்

புப்ரோபியோன் மனச்சோர்வுக்கான மருந்தாகவே முதலில் வந்தது. அதை எடுத்தவர்களிடம் புகைக்கும் ஆசை குறைந்ததைக் கவனித்து ஆராய்ந்த பின்னர், 1997இல் அமெரிக்காவில் புகைத்தலை விடும் சிகிச்சைக்கும் அனுமதிக்கப்பட்டது. இதையும் விடும் நாளுக்கு 1 முதல் 2 வாரங்களுக்கு முன்னர் தொடங்க வேண்டும்: முதல் 3 நாட்கள் 150 மில்லிகிராம் ஒரு வேளை, பின்னர் குறைந்தது 8 மணித்தியால இடைவெளியில் இரண்டு வேளை, மொத்தம் 7 முதல் 12 வாரங்கள். வாய் உலர்வதும் நித்திரை குறைவதும் இதன் பொதுவான விளைவுகள். மெதுவாகக் கரையுமாறு செய்யப்பட்ட குளிசை என்பதால் உடைத்தோ பொடியாக்கியோ எடுக்கக் கூடாது. இதன் முக்கியமான ஆபத்து வலிப்பு. ஆயிரத்தில் ஒருவர் அளவிலேயே வருவதாயினும், முன்னர் வலிப்பு வந்தவர்களுக்கு இம்மருந்து கூடவே கூடாது. நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்து திடீரென்று குடியை நிறுத்துபவருக்கும் கூடாது. குடியையும் புகையையும் ஒரே நாளில் விடப்போகிறேன் என்று நல்லெண்ணத்தோடு முடிவெடுப்பவர்கள் இதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது ஆபத்தான சேர்க்கையாகிவிடும். சீனி வருத்தத்துக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவரும் அதைத் தெரிவிக்க வேண்டும்.

நிக்கோட்டின் ஒட்டுத்தாள், நிக்கோட்டின் சூயிங்கம் ஆகியவை புகையில்லாமல் நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் கொடுத்துப் படிப்படியாக விடுவிக்கும் முறை. ஒட்டுத்தாளையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றை மட்டும் பாவிப்பதைவிடப் பலன் தரும். உலக சுகாதார ஸ்தாபனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவற்றை 2009இலும், வரெனிக்லினையும் புப்ரோபியோனையும் 2021இலும் சேர்த்துக்கொண்டது.

கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள்

சிகரட்டை நிறுத்துவதே மற்ற மருந்துகளின் அளவை மாற்றிவிடும் என்பதைப் பெரும்பாலானோர் அறிவதில்லை. இதற்காகவே இப்பகுதியைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன். புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலிலுள்ள ஒரு நொதியத்தைத் தூண்டிவிட்டு, சில மருந்துகளை வேகமாக அழிக்கச் செய்கின்றன. அதனால் புகைப்பவருக்கு அம்மருந்துகள் கூடுதலான அளவில் கொடுக்கப்பட்டிருக்கக்கூடும். புகை நின்றதும் நொதியத்தின் வேகம் குறைந்து, அதே அளவு குளிசை இரத்தத்தில் அதிகமாகத் தேங்கும். முட்டு வருத்தத்துக்குக் கொடுக்கப்படும் தியோபிலின், மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோசபின், ஒலன்சபின் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை எடுப்பவர்கள் புகையை விடும் நாளை முன்கூட்டியே வைத்தியருக்குச் சொன்னால், அவர் அளவைக் குறைக்கவும் இரத்தப் பரிசோதனை செய்யவும் முடியும். இன்சுலின் எடுப்பவர்களுக்கும் தேவை குறையலாம் என்பதால் சீனியின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனும் அதே நொதியத்தால்தான் அழிக்கப்படுகிறது. புகையை விட்ட முதல் வாரங்களில் வழக்கமான எண்ணிக்கையில் தேத்தண்ணீர் குடிப்பவருக்குப் படபடப்பும் நித்திரையின்மையும் வந்தால், அதைக் குளிசையின் மேல் பழிபோடுவதற்கு முன்னர், பின்னேரத்துக்குப் பிந்திய தேத்தண்ணீரை நிறுத்திப் பார்க்கலாம்.

சிறுநீரகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரெனிக்லின் உடலில் பெரிதாக மாற்றமடையாமல், ஏறத்தாழ முழுவதும் சிறுநீருடன் வெளியேறுகிறது. அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதிகளில் விவசாயிகளிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுவது நாம் அறிந்ததே. சிறுநீரகம் மிகவும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாளுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, உச்ச அளவாக 0.5 மில்லிகிராம் இரண்டு வேளை மட்டுமே கொடுக்கப்படும். ஆகவே கிறியற்றினின் பரிசோதனை முடிவு கையிலிருந்தால் அதையும் கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இக்குளிசைகள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை; அவர்களுக்கு ஆலோசனையே முதல் வழி. புகையை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுபவர் நிக்கோட்டினை விடவில்லை என்பதால், அந்தப் பழக்கம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

முதற்படியாக, அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ, வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கோ, நம்பிக்கையான குடும்ப வைத்தியரிடமோ போகலாம். “நித்திரை விட்டெழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரட்டைப் பற்றவைக்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். அரை மணித்தியாலத்துக்குள், அதிலும் முதல் 5 நிமிடங்களுக்குள் என்றால், அடிமைத்தனம் ஆழமானது என்று அவர் விளங்கிக்கொள்வார். பாமசியில் முதல் வாரக் குளிசையை வாங்கும் முன்னரே, முழுக் காலத்துக்குமான குளிசைகள் கிடைக்குமா, மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் 12 வாரங்களுக்கு வரெனிக்லின் 0.5 மில்லிகிராம் குளிசைகள் 11உம், 1 மில்லிகிராம் குளிசைகள் 154உம் தேவைப்படும். பாதியில் பணமோ குளிசையோ தீர்ந்துபோவதைவிட, ஒரு மாதம் பிந்தித் தொடங்குவது மேல். வைத்தியரின் துண்டு இல்லாமலோ, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த பொதியிலிருந்தோ இவற்றை எடுக்கக் கூடாது. குளிசையோடு ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும் என்பதால், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தையும், உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு நாள் தடுமாறிப் புகைத்துவிட்டால், எல்லாம் போய்விட்டது என்று குளிசையை எறிந்துவிடக் கூடாது. குளிசையைத் தொடர்ந்தபடியே அடுத்த சிகரட்டை மறுத்துவிடலாம், சிகிச்சை முறிந்துவிடவில்லை. ஒரு வேளைக் குளிசையை மறந்துபோனால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து எடுக்க வேண்டாம். 12ஆம் வாரத்தில் வரெனிக்லினை நிறுத்தும்போது ஒரு சிறு பகுதியினருக்கு எரிச்சலும் புகைக்கும் ஆசையும் சில நாட்கள் தலைதூக்கும். அது முன்னரே அறியப்பட்ட விளைவு. அப்படி வருமானால், ஒரேயடியாக நிறுத்தாமல் அளவைப் படிப்படியாகக் குறைத்து முடிக்க முடியுமா என்று கடைசிக் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.